திறந்து கிடந்த ஸ்லாப்

முழங்கால் வரை செம்மண் தண்ணீர்... நனைந்த சல்வார் காலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த அடியில் தரை இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் வேலை பார்த்த முதல் வருடம் என்றால், எனக்கு நினைவு வருவது இதுதான்.

டிப்ளமோ முடித்து ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்திருந்தேன். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அகலமாக, புல் மண்டிய ஒரு பள்ளம் இருந்தது. அதைத் தூர்த்துவிட்டு ஒடுக்கமான, இடுப்பளவு ஆழமான சிமெண்ட் வாய்க்கால், மேலே ஸ்லாப் என்று பிளான் போட்டது நான்தான். அளவெடுத்தது சித்திரை வெயிலில். நாலு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். "உபயோகமில்லாத இடம்" என்று எழுதிக்கொண்டேன். பெரிய மேதாவி!

சித்தாள் செல்விக்கு என் வயதுதான். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள்.

"மேடம், மழைத் தண்ணி இங்கதான் கொஞ்ச நேரம் நின்னுகினு, அப்புறமா போவும். இத தூத்துட்டா எங்க போயி நிக்கும்?"

"நிக்கவே விடமாட்டோம் செல்வி, ஓட விட்ருவோம்."

ஓடத்தான் செய்தது. ஐப்பசியின் முதல் பெருமழையில், தாழ்வாக இருந்த பால்வாடி வாசலில் மொத்தத் தண்ணீரும் போய்க் குவிந்தது.

உள்ளே குழந்தைகள். ஆயாம்மா அவர்களை மேஜை மேல் ஏற்றி வைத்திருந்தார்.

அதைவிடப் பெரிய பயம் எனக்கு ஒன்று இருந்தது. காலையில் வாய்க்காலின் உட்புறத்தைப் போட்டோ எடுத்து கான்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, வாசலுக்கு எதிரே ஒரு ஸ்லாப்பை எடுக்கச் சொல்லியிருந்தேன். மழை வந்ததும் ஷெட்டுக்கு ஓடினேன். மூடச் சொல்லவில்லை. இப்போது அந்த ஓட்டை தண்ணீருக்கு அடியில் எங்கோ... வாய்க்கால் தண்ணீர் சாலைக்குக் கீழே போகிற குழாய் அதற்குப் பக்கத்தில்தான், விழுந்தால் உள்ளே இழுத்துவிடும்.

முதல் ஷிப்ட் முடிந்த நேரம். மைன்ஸ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் மகளைத் தேடி ஓடி வந்தார்.

கத்தக்கூடத் தோன்றவில்லை. அவருக்கு முன்னால் போய்த் தடுக்க இறங்கினேன். மூன்றாவது அடியில் கால் உள்ளே போனது. இடுப்பு வரை... தண்ணீர் காலைப் பிடித்து இழுத்தது. செத்தேன் என்றே நினைத்தேன். பின்னாலேயே வந்த செல்வி என் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"அண்ணே, அங்கியே நில்லுங்க! இங்க பள்ளம்!"

சுற்றிப் போய் மகளைத் தூக்கிவந்த பிறகு அவர் கேட்டார். "எவன் இத தொறந்து போட்டது?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"போனது போவுது. நல்லவேள நீங்க எறங்குனீங்க மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்றும் கூசுகிறது.

அப்போதெல்லாம் தண்ணீரை விரட்டுவதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். இப்போது நிற்கவைக்கத்தான் வரைகிறேன். கணுக்காலுக்கு மேல் ஆழம் போகாத புல் பள்ளங்கள், கொஞ்சம் கொஞ்சமாக மண் குடித்துவிடும்.

போன மழையில் அப்படி ஒன்றைப் பார்க்கப் போனேன். ஒரு சின்னப் பெண் குதித்து ஆட ஓடிவந்தாள். பாய்ந்து கையைப் பிடித்துவிட்டேன்.

"கணுக்கால் தண்ணிதாங்க, வுடுங்க" என்று அவள் அம்மா சிரித்தார்.

எனக்குத் தெரியாதா? அந்த ஆழத்தைக் குறித்தவளே நான்தான். ஆனாலும் குழந்தை வலித்து அழுத பிறகுதான் கையை விட்டேன்.