வாசலில் மாட்டிய தொழில்

நான் வேலைக்குப் போகும் வீட்டு வாசலில் ‘ஃபுல்லர்’ என்று பித்தளைத் தகட்டில் எழுதியிருக்கும். இங்கிலாந்தில் பிறந்து, இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரத்துக்காரர் ஒருவரைக் கலியாணம் கட்டி, அவரும் போனபின் தனியே இருக்கும் வயதான அம்மாவின் வீடு அது; இத்தாலிய முறைப்படி நான் அவரைச் சிஞ்ஞோரா என்பேன். இந்த நாட்டில் கலியாணம் கட்டினாலும் பெண்ணுக்குத் தகப்பன் வழிப் பெயர்தான். அந்தத் தகட்டைக் கிழமைக்கு ஒருதரம் மினுக்குவதும் என் வேலை.

போன மாசியில் அவர் தன் பெட்டகத்திலிருந்து ஒரு லினன் படுக்கை விரிப்பை எடுத்துத் தந்தார், என் மகளின் கலியாணத்துக்கென்று. இதே நகரத்தில் ஒரேத்தோப் பக்கம் இருக்கும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தோடு சம்பந்தம் பேசியிருந்தோம். பெடியனும் மகளும் விரும்பித்தான் பேச்சே தொடங்கியது. விரிப்பை நான் அயன் பண்ணிக்கொண்டிருக்க, அவர் கதிரையில் இருந்தபடி தன் பெயரின் கதையைச் சொன்னார்.

ஃபுல்லர் என்றால் துணி மிதிப்பவனாம். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமாம். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த மூத்திரம் ஊற்றி, வெறுங்காலால் நாள் முழுக்க மிதிப்பார்களாம். அதே தொழில்காரனுக்கு வடக்கில் வோக்கர் என்று பெயர், தென்மேற்கில் டக்கர். பிறகு ஆற்றுத் தண்ணீரில் ஓடும் மரச் சம்மட்டிகள் வந்து அந்தக் கால்களுக்கு ஓய்வு கொடுத்தன. பேரப்பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். பெயர் மட்டும் போகவில்லை.

“என் முன்னோர் மூத்திரத்தில் நின்ற ஆட்கள்!” என்று சிரித்தார். பெருமையாகச் சிரித்தார்! எனக்கு முகம் சுட்டது. அட கோதாரி, இதையா இந்த மனுஷி கதவில் மாட்டி வைத்திருக்கிறாள்?

எங்கள் ஆட்கள் ஊரில் துணி வெளுத்தவர்கள். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் பந்தலில் வெள்ளைத் துணி கட்டப் போனவர்கள். இந்த நகரத்தில் நான் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை, பெற்ற மகளிடம்கூட. பெடியனின் தாய் ஊருக்குப் போன் எடுத்து எங்களைப் பற்றி விசாரிக்கிறாள் என்று பல்லரோச் சந்தையில் கேள்விப்பட்டேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை அவளே போன் எடுத்தாள்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. இது சரிவராது.”

“ஏன்?”

“உங்களுக்குத் தெரியும்தானே. ஊரிலை கேட்டனாங்கள்.”

அவள் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்களும் ஊரான் படுத்த சீலையைத்தானே தோய்க்கிறீங்கள்?” என்று கேட்டுவிட்டேன்.

“அது வேலை அக்கா. பிறப்பு வேறை” என்று வைத்துவிட்டாள்.

பக்கத்தில் மகள் நின்றாள். இனி எதை மறைப்பது? “நாங்கள் ஊரிலை உடுப்புத் தோய்ச்ச ஆக்கள், பிள்ளை” என்றேன்.

“எ அல்லோரா? அதுக்கென்ன அம்மா? அந்த மாமியும் அதைத்தானே செய்யிறா?”

மகள் பெடியனுக்குப் போன் எடுத்தாள். அம்மாவுக்கு எதிராகத் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்றானாம். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் விரிப்பைத் திருப்பிக் கொண்டுபோனேன். சிஞ்ஞோரா ஏன் என்று கேட்டார். உலகத்தில் இவர் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூத்திரத் தொட்டிக் கதையை வாய் நிறையச் சொன்னவர். என்ன செய்ய, எனக்கு வாய் வரவில்லை.

“சாதகம் பொருந்தவில்லை” என்றேன்.

“இந்தக் காலத்திலும் நட்சத்திரத்தைப் பார்த்து ஒரு பிள்ளையை வேண்டாம் என்பார்களா?” என்று அவர் சிரித்தார்.

“ஓம் சிஞ்ஞோரா, எங்கடை ஆக்கள் அப்பிடித்தான்” என்று நானும் சிரித்தேன். பிறகு துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அன்றைக்குத் தகடு மினுக்கும் நாள்.