காய்ச்சல் கடிதம்

விமலாம்பிகை ரீச்சருக்கு வியாழக்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை. அனலைதீவில் இருபத்தாறு வருடம் படிப்பித்து, இப்போது அதே சின்னப் பள்ளிக்கூடத்துக்கு அதிபராக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊர்காவற்றுறையில் புலமைப்பரிசில் சோதனை. ஐந்தாம் வகுப்பில் இருப்பதே ஐந்து பிள்ளைகள். நான்கு பேர் எழுபது புள்ளியைத் தாண்டிவிடுவார்கள். சர்மிதா தாண்டமாட்டாள். அவள் எழுதினால் பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி எண்பது வீதம், எழுதாவிட்டால் நூறு. வீதம் குறைந்த பள்ளிக்கூடங்களை மூடப்போகிறார்கள் என்று வியாழக்கிழமை அதிபர்கள் கூட்டத்தில் கேட்டதிலிருந்து அந்தக் கணக்கு மண்டையைக் குடைந்துகொண்டேயிருந்தது.

இந்த வீதத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் ஒருநாளாவது கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றில் அனலைதீவு வள்ளம் ஏறியிருக்க வேண்டும்! ஒரு பிள்ளை இருபது வீதமாம்.

சனிக்கிழமை காலை சர்மிதாவின் வீட்டுக்குப் போனார். திரும்பிவிடலாமா என்று படலையில் நின்று இரண்டு தரம் யோசித்தார். தாய் நிசாந்தினி அவரிடமே படித்தவள். கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு ஒரு கடிதம் தாரும். நாளைக்கு அவ வரவேண்டாம். வீதம் குறைஞ்சால் பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவினம்" என்றார். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"ஓம் ரீச்சர்." நிசாந்தினி கொப்பித் தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினாள். 'கடும் காய்ச்சல் காரணமாக எனது மகள்...' ஒரு சொல்லைக்கூட அவரிடம் கேட்கவில்லை.

"கடகடவெண்டு எழுதிறீர். ஆர் சொல்லித் தந்தது?"

"நீங்கள்தான். என்ரை சோதினைக்கும் இப்பிடித்தானே? அம்மாவுக்கு எழுத ஏலாது. நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினனான், அம்மா கைநாட்டு வைச்சவ." சிரித்தாள். "அந்த வருசம் நூறு வீதம் எண்டு பாயாசம் காய்ச்சினனீங்கள். எனக்கும் ரெண்டு கோப்பை தந்தனீங்கள், ரீச்சர்."

பாயாசம் நினைவிருந்தது. அந்த நூறு வீதத்துக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் இன்றும் சுவரில் தொங்குகிறது. பத்து வயதுப் பிள்ளை தன்னைத் தானே விலக்கி எழுதிய கடிதம் மட்டும் அவருக்கு நினைவில்லை. ஐயோ, அதை எப்படி மறந்தேன்!

கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தார்.

"காலமை ஆறு மணி வள்ளம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும்."

நிசாந்தினி பயந்துபோனாள். "பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவினம் எண்டு சொன்னனீங்கள், ரீச்சர்?"

"உமக்கு நான் அதை அண்டைக்கே மூடிப்போட்டன், பிள்ளை."