வைஷ்ணவியின் கீபோர்டு

பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் எல்லோருக்கும் அரசாங்க லேப்டாப் கொடுத்தார்கள். பானுப்ரியாவும் வைஷ்ணவியும் அடுத்தடுத்து நின்று வாங்கினார்கள். இரண்டு பேரும் துறையூர்ப் பக்கம், ஒரே தெரு. பிறகு திருச்சியில் ஒரே காலேஜில் பி.காம். சேர்ந்து, காலையில் ஒரே பஸ்ஸில் போய்வந்தார்கள். இரண்டாம் வருஷம் வைஷ்ணவிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு வாரத்தில் போய்விட்டாள்.

பானுப்ரியா கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள். கணவன் சுரேஷ்குமாருக்கு மருந்து கம்பெனியில் ஊர் சுற்றும் வேலை. அம்மாமண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மாடி வீடு. கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு போட்டுக் கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே பார்த்தாள். எல்லாம் அந்தப் பழைய லேப்டாப்பில்தான். வேறு வாங்கித் தருவதாக சுரேஷ்குமார் எத்தனையோ தடவை சொன்னான். அவளுக்கு மனசு வரவில்லை. தன் பேரில் கையெழுத்துப் போட்டு வாங்கிய முதல் பொருள் அது.

அது திக்கித் திணற ஆரம்பித்ததும் மன்னார்புரத்தில் இம்தியாஸின் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டார். பேட்டரியை மாற்றி, ஃபேனில் பஞ்சுபோல் அடைத்திருந்த தூசியைத் துடைத்தார். கண்மூடித் திறப்பதற்குள் மெஷின் ஆன் ஆனதைப் பார்த்து பானுப்ரியாவே ஆச்சரியப்பட்டாள்.

ஐப்பசி மழையில் மாடி ஒழுகி, கீபோர்டுக்குள் தண்ணீர் இறங்கியது. பாதி எழுத்துகள் வேலை செய்யவில்லை. அந்த மாடலுக்குக் கீபோர்டு தேடினால் ஒன்றும் சரியாகப் பொருந்தவில்லை. அதே மாடலில் பழசு ஒன்று கிடைத்தால் கழற்றிப் போட்டுவிடலாம் என்றார் இம்தியாஸ்.

அவள் நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். கேட்கக்கூடாது என்று கொஞ்ச நாள் தள்ளிப்போட்டாள். கடைக்காரர்கள் போன் மேல் போன் போட்டதும் துறையூருக்கு பஸ் ஏறினாள்.

வைஷ்ணவியின் அம்மா பொன்னுத்தாய் வீட்டில் தனியாக இருந்தார். கணவரும் தவறிவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பீரோவிலிருந்து துண்டில் சுற்றிய லேப்டாப்பை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.

"நான் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன். எடுத்துக்க, கண்ணு."

இம்தியாஸ் முதலில் அதில் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட்டதே தவிர, திறக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, கீபோர்டைக் கழற்றி பானுப்ரியாவின் மெஷினில் மாட்டினார். அதிலிருந்த ரேமையும் எடுத்து, இதில் காலியாக இருந்த இடத்தில் செருகினார். மெஷின் முன்னைவிட வேகமாக ஓடியது.

ஆனால் ஸ்பேஸ் பாரின் வலது பக்கம் எழும்பவில்லை. இடது ஓரத்தில் தட்டினால்தான் வேலை செய்தது. வைஷ்ணவிக்கு இடது கைப் பழக்கம். அந்த ஓரம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. சரி செய்து தருவதாக இம்தியாஸ் சொன்னார். வேலை முடிந்தால் போதும் என்று பானுப்ரியா வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சில நாளில் அவள் இடது கட்டைவிரல் தானாகவே அங்கே போய் விழுந்தது.

அந்த மாசம் அமாவாசைக்குப் பொன்னுத்தாய் வந்தார். அம்மாமண்டபத்தில் காவிரியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு மாடிப்படி ஏறி வந்தார். காப்பி குடித்துவிட்டு, "நீ உன் வேலையைப் பாரு, பானு. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். அடுத்த அமாவாசைக்கும் வந்தார். அதற்கடுத்ததற்கும். பேச்சு அதிகமில்லை. கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

பெற்ற மனசு, பிள்ளையின் பொருளைப் பார்க்க வருகிறது என்றுதான் பானுப்ரியா நினைத்தாள். ஆனாலும் போகப்போக அவளுக்கு என்னவோ செய்தது. தனியாக வேலை பார்க்கும்போதுகூட விரலுக்கடியில் வேறு விரல் இருப்பதுபோல் இருக்கும். பொன்னுத்தாய் வராத நாளிலும் எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் பட்டப்பகலில், யாரோ தன் கையைக் கொண்டு டைப் பண்ணுகிறார்கள் என்று தோன்றி, எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டாள்.

இம்தியாஸிடம் போய், எங்கிருந்தாவது புதுக் கீபோர்டு வரவழைத்துத் தரும்படி கெஞ்சினாள். அவர் டெல்லிக்குச் சொல்லி வரவழைத்தார். ரேமையும் புதிதாகவே போடச் சொன்னாள். நல்ல ரேமை ஏன் எடுக்கவேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. வைஷ்ணவியின் சாமான்களை அவள் ஒரு துணிப்பையில் போட்டு வைத்தாள்.

அமாவாசைக்குப் பொன்னுத்தாய் வந்ததும் அந்தப் பையை நீட்டினாள்.

"அம்மா, வைஷ்ணவியோட கீபோர்டு. வேற மாத்திட்டேன். நீங்களே வெச்சுக்கங்க."

பொன்னுத்தாய் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு, எப்போதும்போல் எதிரில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் பானுப்ரியா வேலையை ஆரம்பித்தாள். புதுக் கீபோர்டில் எந்தப் பக்கம் தட்டினாலும் வேலை செய்யும். அவள் விரல் இடது ஓரத்துக்கே போனது. வலதில் தட்டிப் பார்த்தாள். மறந்த நேரத்தில் மறுபடியும் இடதுக்கே வந்தது.

கையை எடுத்துவிட்டு, "அம்மா, அதைப் பாக்கத்தானே வந்தீங்க?" என்று கேட்டாள்.

"அந்தப் பொட்டியையா?" பொன்னுத்தாய்க்கு அந்தக் கேள்வியே விளங்காததுபோல் இருந்தது. "அது பீரோவுல எத்தனை வருஷம் கிடந்துச்சு. நான் ஒருநாளும் எடுத்துப் பாத்ததில்லை. நீ அன்னைக்கு வீட்டு வாசல்ல வந்து நின்னியே, அப்பதான் தெரிஞ்சுது. இவ்வளவு வளர்ந்திருப்பா. இப்படிச் சதை போட்டிருப்பா. புடவை கட்டுனா இப்படித்தான் இருப்பா." அவள் முகத்தைப் பார்த்தார். "உன்னைத்தான் பாக்க வந்தேன், பானு."

பொன்னுத்தாய் எழுந்து கிட்டே வந்து, பானுப்ரியாவின் காதோரத்து முடியை விலக்கினார். அங்கே இரண்டு மூன்று நரை.

"போன மாசம் இது இல்லையே" என்றார். "எங்க வீட்டுலயும் எல்லாருக்கும் சீக்கிரமே நரைச்சிடும். அவளுக்கும் வந்திருக்கும்."

விஷயத்தைக் கேட்டதும் சுரேஷ்குமார், இனிமேல் வரவேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடு என்றான். பானுப்ரியாவும் சொல்லத்தான் நினைத்தாள். போனை எடுத்து நம்பரும் போட்டாள். பொன்னுத்தாய் "சொல்லு, கண்ணு" என்றதும், மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

பொன்னுத்தாய் இன்றைக்கும் அமாவாசை தவறாமல் வருகிறார். அன்றைக்கு பானுப்ரியா லேப்டாப்பைத் திறப்பதில்லை. ஜன்னல் பக்கம், வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், துணி மடிக்கிறாள். திரும்பச் சொன்னால் திரும்புகிறாள். பஸ்ஸுக்கு நேரமானதும் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு, குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவுகிறாள்.