சமையல் மேடைக்கு அப்பா வெட்டிய அட்டை

போன வாரம் நம் வீட்டுச் சமையலறையை மாற்றிக் கட்ட அளவெடுக்க ஒரு தம்பி வந்தான். கையில் இருந்த சின்னக் கருவியைச் சுவரில் காட்டினான். சிவப்பாய் ஒரு புள்ளி விழுந்தது. அவ்வளவுதான், அளவு முடிந்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் அந்தப் புள்ளியைப் பிடிக்கச் சுவருக்குச் சுவர் ஓடினீர்கள். நான் என் அப்பாவை, உங்கள் தாத்தாவை, நினைத்துக்கொண்டு நின்றேன். இதே வேலைக்கு அவர் ஆறு நாள் எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்தும் தப்பாகிவிட்டது என்று ஊரே சிரித்தது. அந்தக் கதையை உங்களுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்போது நான் ஐந்தாவது படித்தேன். ஆம்பூரில் இருந்தோம். அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. தோலை மேசையில் விரித்து, அதன்மேல் அட்டையை வைத்து, அட்டையின் ஓரமாகக் கத்தியை ஓட்டி ஷூவுக்கான துண்டுகளை எடுப்பதுதான் அந்த வேலை. ஒரே அட்டைதான். நேராக வைத்து வெட்டினால் வலது காலுக்கு, திருப்பி வைத்து வெட்டினால் இடது காலுக்கு. கவனம் தப்பி ஒரே பக்கமாக வெட்டிக்கொண்டே போனால் ஒரு மூட்டை வலது கால்தான் மிஞ்சும். என் அப்பா ஒரு துண்டுகூட அப்படி வெட்டியதில்லை. கம்பெனியில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதை நான் பள்ளியில் தேவைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சொல்லிவைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை என்று நான்கு பேர். தாய் இல்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தது அத்தைதான். கம்பெனியில் மேனேஜரிடம்கூட எதிர்த்துப் பேசுகிற அப்பா, அத்தை எது சொன்னாலும் “சரிக்கா” என்பார். வேறு சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

பழைய சமையலறை இருட்டாக இருக்கும். செங்கல் மேடை, அதன் இடது கோடியில் சுவரை ஒட்டி அடுப்பு. தண்ணீருக்குப் பின்பக்கம் போக வேண்டும். அம்மாவுக்கு இடதுகைப் பழக்கம். கரண்டியைச் சுழற்றும்போதெல்லாம் முழங்கை சுவரில் இடிக்கும். இடித்து இடித்துச் சுவரில் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு போய் வழவழவென்று கறுத்திருந்தது. அம்மாவின் முழங்கையிலும் அதே அளவுக்குக் கறுப்பாய் ஒரு காய்ப்பு இருந்தது. அத்தை பக்கத்தில் இருந்தால் அம்மா வலது கைக்கு மாறிக்கொள்வாள். அன்றைக்குக் குழம்பு கொஞ்சம் மேடையில் சிந்தும்.

சமையலறையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம், கடப்பாக்கல் மேடை போடலாம், உள்ளேயே குழாயும் பாத்திரம் கழுவத் தொட்டியும் வைக்கலாம் என்று அப்பா ஒருநாள் சொன்னபோது அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“அடுப்ப மட்டும் அந்தக் கோடிக்கு மாத்திக்கலாமாங்க? கை இடிக்குது.”

அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டார். “அடுப்பு அக்கினி மூலைலதான் இருக்கணும். இன்னா கை இடிக்குது? சோத்தாங்கையால கிண்டுனா எந்தச் செவுரு இடிக்கப் போவுது? பீச்சாங்கைய நீட்டிக்கினு கிண்டுனா இடிக்கத்தான் செய்யும்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்து, “சரிக்கா” என்றார்.

மறுநாள் பழைய சுவரை இடிக்க மேஸ்திரி வந்தபோது, அப்பா அந்தக் கறுத்த இடத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார் என நான் நினைத்தேன்.

அளவை டேப்பில் எடுத்துத் தாளில் எழுதிக் கொடுப்பது மற்றவர்கள் வழக்கம். அப்பாவுக்குத் தாளில் நம்பிக்கை இல்லை. பெட்டி அட்டைகளைப் பசை போட்டு ஒட்டி, மேடை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரே அட்டையாகச் செய்தார். தினமும் கம்பெனி விட்டு வந்ததும் அதே வேலை. அட்டையில் வலது கோடியில் தொட்டிக்குச் சதுரமாக ஓட்டை வெட்டினார். இடது கோடியில் அடுப்பை வரைந்தார். அட்டையை நாற்காலிகளின்மேல் வைத்து அம்மாவை முன்னால் நிறுத்தி, “இப்ப பருப்பு கழுவு, இப்ப எடுத்து அடுப்புல வை” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அம்மா வெறுங்கையால் சமைத்தாள். அத்தை பார்த்துக்கொண்டிருந்ததால் வலது கையால் சமைத்தாள். கடைசியாக, அட்டையின் வலது முன்மூலையில் அப்பா ஒரு சின்ன முக்கோணத்தை வெட்டி எடுத்தார்.

“இது நாட்ச். இது எப்பவும் நம்ம சோத்தாங்கைப் பக்கம் இருக்கணும். மாறுச்சுன்னா இன்னொரு காலு ஆயிடும், தெரியுதா?”

தெரிகிறது என்று தலையாட்டினேன். கட்டிங் மாஸ்டரின் மகனுக்கு அதுகூடத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டையைக் கல் பட்டறைக்குக் கொண்டுபோனோம். முன்னால் அப்பா, பின்னால் நான், இருவர் தலையிலும் அட்டை. தெருமுனையில் அப்பாவின் கம்பெனி தோஸ்த் ஒருவர் நின்றிருந்தார். வாணியம்பாடிக்காரர், எல்லோருக்கும் அவர் பாய்தான்.

“இன்னா மாஸ்டர், யானைக்குச் செருப்பு வெட்டப் போறியா?”

“வூட்டுக்கு வெட்டப் போறேன் பாய்,” என்றார் அப்பா. எனக்கு நடையே மாறிவிட்டது. இவ்வளவு பெரிய அட்டையை அந்தத் தெருவில் யாரும் தூக்கிப் போனதில்லை.

பட்டறையில் கறுப்பாக மின்னும் கல்லைக் கிடத்தியிருந்தார்கள். அதன்மேல் அட்டையை வைத்து, என்னை ஒரு கோடியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அப்பா சாக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தார். நான் பிடித்திருந்தது இடது கோடி. என் விரலுக்குக் கீழே முக்கோணம் இருந்தது.

“அப்பா, நாட்ச் இந்தப் பக்கம் வந்திருக்குது.”

அவர் நிமிரவில்லை. “சரியாத்தான் இருக்குது. ஆடாம புடி.”

“இல்லப்பா, நீதான சோத்தாங்கைப் பக்கம்னு…”

“புடிடா.”

பிடித்தேன். அவர் கோடு போட்டு முடித்தார்.

பத்து நாள் கழித்து ஆறு பேர் சேர்ந்து கல்லைக் கொண்டுவந்து மேடையில் ஏற்றினார்கள். மேஸ்திரி கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னா மாஸ்டர் இது? தொட்டி ஓட்டை இடது பக்கம் வந்திருக்குது?”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அடுப்பு இருக்க வேண்டிய அக்கினி மூலையில் சதுரமாய் ஓட்டை. அப்பா தலையில் கை வைத்தார். “அட்டைய திருப்பி வெச்சிட்டேன் போல இருக்குதே.”

கல்லையே சுற்றித் திருப்பிப் போடலாமே என்றேன் நான். மேஸ்திரி சிரித்தார். முன்பக்க விளிம்பை மட்டும்தான் உருட்டி வழவழப்பாக்கியிருந்தார்கள். திருப்பினால் அது சுவருக்குள் போய்விடும், கரடான பக்கம் வந்து அம்மாவின் வயிற்றைக் கிழிக்கும். வெட்டின கல்லை ஒட்டவும் முடியாது.

அத்தை ஆரம்பித்தார். “நெருப்பு இருக்கிற எடத்துல தண்ணியா! இத்தினி வருசமா கத்தி புடிக்கிறியே, ஒரு அட்டைய பாத்து வெக்கத் தெரியல? தூக்கத்துல வெட்டுனியா?”

“தப்புதான்கா,” என்றார் அப்பா.

மேஸ்திரி குனிந்து சுவரின் அடியைப் பார்த்தார். “நல்ல நேரம், இந்தப் பக்கமும் ஒரு ஓட்டை விட்டிருக்கேன். தரை கழுவுற தண்ணி போவட்டும்னு மாஸ்டர் கேட்டாரு. அதுலயே தொட்டி பைப்ப விட்டுடலாம்.” எங்கள் வீட்டுக்கு அதிர்ஷ்டம் கொஞ்சமாவது இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பாய் வந்து மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஷூவா இருந்தா இன்னொரு கால வெட்டி ஜோடி சேத்துடலாம். மேடைக்கு எங்க மாஸ்டர் ஜோடி தேடுவ?” அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அடுத்த நாள் கம்பெனி முழுக்க அவருக்கு ‘ஒத்தக்கால் மாஸ்டர்’ என்று பேராகிவிட்டது. பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவனின் அப்பாவும் அதே கம்பெனிதான். அவன் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே வகுப்புக்குள் வந்தான். நான் பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். நான்தான் சொன்னேனே, ஏன் கேட்கவில்லை என்று அப்பாவின்மேல் கோபம் கோபமாக வந்தது.

அத்தை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். “அந்த மூலைல சின்னதா ஒரு மாடம் வை மேஸ்திரி. தெனம் காமாட்சி விளக்கு ஏத்தட்டும். அக்கினி அதுல இருந்துட்டுப் போவுது.”

“சரிக்கா,” என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினோம். தப்போ சரியோ, அந்தச் சமையலறை மாதிரி எங்கள் தெருவில் இன்னொன்று இல்லை. கறுப்புக் கல்லில் என் முகம் தெரிந்தது. சுவரில் வெள்ளை டைல்ஸ். வீட்டுக்குள்ளேயே குழாய்! பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு முறை திறந்து மூட விட்டேன். அம்மா எவர்சில்வர் டப்பாக்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கினாள். உப்பு இங்கே, மிளகாய்த்தூள் அங்கே என்று ஒவ்வொன்றுக்கும் இடம் பார்த்தாள். ஒரு தடவை வைத்ததை மறுபடி மாற்றவில்லை. கை நீட்டிய இடத்தில் எல்லாம் இருந்தது.

வலது கோடிக்குப் போய்விட்ட அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை வாசலில் வந்தவர்களிடம் விளக்கு மாடத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா இடது கையால் கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்குமேல் மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

“அம்மா, நா அன்னிக்கே சொன்னேன். நாட்ச் மாறி இருக்குதுன்னு. அப்பாதான் கேக்கல.”

கரண்டி நின்றது. “சொன்னியா?”

“கல்லு மேல அட்டைய வெச்சப்பவே சொன்னேன்.”

“அதுக்கு அப்பா இன்னா சொன்னாரு?”

“சரியாத்தான் இருக்குது, ஆடாம புடின்னாரு.”

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பின்பக்கம் அப்பா குந்தி உட்கார்ந்து, மிச்சமிருந்த பசை வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சாம்பார் ஆவி பட்டிருக்கும்.

“இத அத்தைகிட்ட சொல்லாத கண்ணு. யார்கிட்டயும் சொல்லாத.”

சத்தியம் செய்தேன். மகன் சொல்லியும் கேட்காமல் தப்பு செய்தார் என்று தெரிந்தால், ஒத்தக்கால் மாஸ்டருக்கு மிச்சமிருக்கும் மானமும் போய்விடும் அல்லவா? கம்பெனிக்காரர்கள் சிரித்தபோதும், பள்ளியில் அவன் நொண்டியபோதும் நான் வாயைத் திறக்கவே இல்லை. என் அப்பாவின் பேரைக் காப்பாற்றுகிறவன் நான்தான் என்று தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அடுத்த பொங்கலுக்குள் அம்மாவின் முழங்கையில் இருந்த அந்தக் கறுப்புக் காய்ப்பு உதிர்ந்துவிட்டிருந்தது. வீட்டில் அப்போது புது சோப்பு வாங்கியிருந்தார்கள். அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.