நாற்பது பைகளில் ஒரே மண்

எங்கள் பக்கத்தில் அவரைத் துல்லியம் என்றுதான் கூப்பிடுவோம். மணி என்ன என்று கேட்டால் பதினொன்று ஆகப்போகிறது என்று சொல்லமாட்டார். பத்து ஐம்பத்தேழு என்பார். பிறந்த அன்று, தன் முதல் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார் என்று மருத்துவச்சி சொன்னதாகப் பேச்சு. அந்த மருத்துவச்சியை எனக்குத் தெரியும், பொய் சொல்லமாட்டாள். என்ன, அந்த வீட்டில் அப்போது கடிகாரம் கிடையாது.

விவசாய அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் களப்பணி. வயலை அளப்பது, மண் எடுப்பது, விளைச்சலை நிறுத்துப் பார்த்து எழுதுவது. அவர் எழுதிய எண்ணை யாரும் இரண்டாம் முறை சரிபார்த்ததில்லை. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. சைக்கிளில் போகும்போது அந்தக் கர்வமும் பின்னால் உட்கார்ந்து வரும். அதனால்தான் பின்சக்கரத்தில் அடிக்கடி காற்று இறங்கியது என்பது என் கணிப்பு.

ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது அலுவலகத்துக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது. ஒவ்வொரு வயலின் மண்ணையும் சோதித்து, அதோடு மழைக் கணக்கு, வானத்திலிருந்து எடுத்த படம், பழைய விளைச்சல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, யார் எவ்வளவு உரம் போட வேண்டும் என்று அவரவர் போனுக்கே செய்தி அனுப்புவது. அதை நடத்த ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். கணக்குப் பொண்ணு என்று பெயராகிவிட்டது. மதியம் எல்லாரும் சாப்பிடும்போதும் ஒரு கையில் கரண்டி, மறு கை விசைப்பலகையில்.

துல்லியத்துக்கு நாற்பது வயல்கள் ஒதுக்கினார்கள். வயலுக்கு எட்டுக் குழி, குறுக்கும் நெடுக்குமாக நடந்து எடுக்க வேண்டும். எட்டு மண்ணையும் கலந்து ஒரு பை. வயலில் நின்று போனில் பொத்தானை அமுக்கினால் இடம் பதிவாகிவிடும். ஒரு வாரத்தில் முடிக்கச் சொன்னார்கள்.

அவருடைய வலது முழங்கால் அந்த மாதம் வீங்கிப் பலாக்கொட்டை சாக்கு மாதிரி ஆகியிருந்தது. வீட்டுக்காரி எண்ணெய் தடவித் தடவி அலுத்துப்போய், அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள், வேறு ஆள் போகட்டும் என்றாள். சொன்னால் நாளைக்கே மேஜையில் உட்காரவைத்து, வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள் என்று அவருக்குப் பயம். வீக்கத்தை மறைத்துக்கொண்டு கிளம்பினார்.

முதல் வயலில் மூன்றாவது குழியிலேயே கால் மடங்க மறுத்துவிட்டது. வரப்போரம் ஒரு பெரிய மரம். அதன் நிழலில் போய் விழுந்தார். ஆறு நாளும் நடந்தது இதுதான்: சைக்கிளில் ஒவ்வொரு வயலுக்கும் போய், வரப்பிலேயே நின்று போனில் பொத்தானை அமுக்குவார். நாற்பது வயலையும் அவருடைய போன் பார்த்தது. அந்த மூன்றாவது குழிக்குப் பிறகு மண்வெட்டி பார்த்தது மரத்தடியை மட்டும். அங்கேயும் விதி தவறவில்லை மனிதர்: மேல்குப்பையை விலக்கி, ஒரு சாண் ஆழம் சீராகச் சரித்து வெட்டி, சுத்தமாகக் கலந்து, பை நிறைய நிறையக் கட்டி, அழகான கையெழுத்தில் எண் போட்டார். அந்த ஊர் ஆடுகள் வருடக்கணக்காக மத்தியான வெயிலுக்கு ஒதுங்கிப் படுப்பது அந்த மரத்தடியில்தான் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

முடிவுகள் வந்ததும் கணக்குப் பொண்ணு அவரைத் தேடி வந்தாள். நாற்பது வயலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே எண்ணாக இருக்கிறது, அதுவும் தழைச்சத்து அளவுக்கு மீறி இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். பரிசோதனைக்கூடத்தில் இரண்டாம் முறையும் பார்த்துவிட்டார்களாம். பிறகு கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. எல்லா வயல்லயும் எட்டு குழி எடுத்தீங்களா?"

"எடுத்தேம்மா. நாப்பது எட்டு முன்னூத்தி இருபது குழி."

பொய்யைக்கூட மனிதர் பெருக்கித்தான் சொன்னார். அவள் தன் எண்களை விட்டுவிட்டு அவர் வார்த்தையை நம்பினாள். முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்?

நாற்பது வீட்டுப் போன்களிலும் செய்தி ஒலித்தது: உங்கள் நிலத்தில் தழைச்சத்து போதுமானது, இந்தப் போகத்துக்கு உரம் தேவையில்லை. அதில் ஒன்று அவருடைய தங்கையின் போன். அவளுக்கு மூன்று ஏக்கர் மக்காச்சோளம். போன வருடப் பயிர் வெள்ளத்தோடு போயிருந்தது; இந்தப் போகத்தைத்தான் மலைபோல நம்பியிருந்தாள். உரம் இல்லாமல் எப்படி என்று அவள் புருஷன் முனகியபோது, மண் எடுத்தது யாரென்று தெரியுமல்லவா என்று ஒரே அதட்டில் வாயை அடைத்துவிட்டாளாம்.

பயிர் முழங்கால் உயரம் வந்ததும் அடி இலைகள் மஞ்சளாயின. நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாகக் கூர்மையாக உள்ளே இறங்கும் மஞ்சள். உரப் பசி என்று துல்லியத்துக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. அன்றிலிருந்து தங்கை வீட்டுத் தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியில் அலுவலகம் போனார். வழியில் யாராவது இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும் என்று ஏசினால், தலையை ஆட்டிவிட்டு மிதியை வேகமாக மிதித்தார்.

கூட்டுறவுச் சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கணக்குப் பொண்ணு எழுந்து நின்றாள். இரண்டு வாரமாகத் தூங்காத முகம். தன் கணக்கில் எங்கேயோ தவறு இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். மண்ணில் சத்து இருந்தும் இலை மஞ்சளாகிறது என்றால் வேர்நோயாக இருக்கலாம். அந்த நிலையில் உரம் போட்டால் நோய் கூடிவிடும். கண்டுபிடிக்க மூன்று வாரம் வேண்டும், அதுவரை எதையும் போடாதீர்கள் என்று கெஞ்சினாள்.

மூன்று வாரத்தில் பயிர் பூ எடுத்துவிடும். அதற்கு முன் மேலுரம் போட்டால் தேறும். தவறினால் மிஞ்சுவது கதிரில்லாத தட்டைதான். அந்தக் கூடத்தில் அது ஒருவருக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். அவர் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவரின் சட்டைக் காலர் நூலை எண்ணிக்கொண்டிருந்தார்.

மண் எடுத்ததிலேயே கோளாறு இருக்கலாமே என்று பின்னாலிருந்து ஒருவர் இழுத்தார். தங்கை வெடுக்கென்று எழுந்தாள்.

"கம்ப்யூட்டரைச் சொல்லுங்க, மழையைச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். மண்ணைப் பத்தி மட்டும் பேசாதீங்க. அதை எடுத்தது எங்கண்ணன்."

துல்லியம் எழுந்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழ அவருக்கு நேரமானது.

"நாப்பது பையும் ஒரே குழி மண்ணு. ஆடு படுக்கற மரத்தடியில எடுத்தேன். இந்தப் பொண்ணு கேட்டப்ப பொய் சொன்னேன். இது வேர்நோய் இல்ல, பசி. இந்த வாரமே உரம் போடுங்க."

முழங்காலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

யாராவது அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பின்வரிசை ஆள், "அப்போ எங்க போனுக்கெல்லாம் வந்தது ஆட்டோட ரிசல்ட்டா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. ஜன்னலுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த ஆடும் சிரித்தது என்று நான் சொல்வதுண்டு. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டாம். தங்கை சிரிக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

கணக்குப் பொண்ணு மடிக்கணினியில் நாற்பது வரிகளையும் அழித்தாள். பக்கத்து வயல்களின் எண்களைக் கொண்டு மறுபடி கணக்குப் போட்டு, அன்று மாலைக்குள் எல்லாருக்கும் புதுச் செய்தி அனுப்பினாள். கூடத்தைப் பூட்டும்போது அவரிடம் சொன்னது ஒன்றுதான்.

"நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே ஐயா. என்னையே நான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்."

அலுவலகம் விளக்கம் கேட்டது, எழுதிக் கொடுத்தார். நாற்பது வயலிலும் மறுபடி மண் எடுக்க வேறு ஆளைப் போடுவதாகச் சொன்னார்கள். நானே எடுக்கிறேன், நாள் ஆனாலும் பரவாயில்லை என்று கேட்டு வாங்கிக்கொண்டார். துல்லியம் என்ற பெயர் போய் மரத்தடி ஆனது. ஒவ்வொரு வயலிலும் சொந்தக்காரர் வரப்பில் நின்று குழிகளை எண்ணினார். எட்டானதும் தலையசைத்துவிட்டுப் போனார்.

தங்கையின் வயலைக் கடைசிக்கு வைத்திருந்தார். மேலுரம் வாங்கிய பயிர் பச்சை திரும்பியிருந்தது. ஓரத்து வரிசைகள் மட்டும் தேறவில்லை. அவள் வந்தாள். அவர் நொண்டுவதைப் பார்த்தாள். மோட்டார் அறையிலிருந்து ஒரு வாளியைக் கொண்டுவந்து, உட்காரத் தோதாகக் கவிழ்த்துவைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். அவர் உட்காரவில்லை. ஒவ்வொரு குழி முடிந்ததும் அவள் வந்து குனிந்து பார்த்தாள். ஐம்பது வருடத்தில் அண்ணன் செய்த எதையும் அவள் அப்படிக் குனிந்து பார்த்ததில்லை.

கடைசியில் பையின் வாயைக் கட்டினார்.

"எட்டும் முடிஞ்சுதும்மா."

"ஏழுதான் ஆச்சுண்ணே."

அவர் திரும்பிப் பார்த்து எண்ணினார். ஏழுதான். இந்தத் தடவை உண்மையாகவே எண்ணிக்கை தவறியிருந்தது. வலியில் ஒன்றை விட்டிருந்தார். தெரியாமல் நடந்தது என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார். கட்டிய பையை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலின் மறுமுனைக்கு நடந்தார்.