சுவருக்கு மேலே வந்த இருமல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளான காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரை வரை போவதில்லை. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதற்கு மேல், தகரத்துக்குக் கீழே, எல்லாக் காம்பராவுக்கும் பொதுவான வெளி. முதல் வீட்டில் கருவாடு பொரித்தால் கடைசி வீட்டுக்கு வாசம் வரும். தலவாக்கலைக்குப் பக்கத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். பிறந்ததும் இன்றைக்கும் இருப்பதும் இந்த லயத்தில்தான்.

கொரோனாக் காலத்தில், கொழும்பில் கடை வேலையிலிருந்து திரும்பி வந்த ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் லயத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். டவுனில் என்றால் ஒரு வீட்டுக் கதவில் அறிவித்தல் ஒட்டுவார்கள். எங்களுக்கு மலை ஊற்றிலிருந்து வரும் ஒரே பீலித் தண்ணீர், ஒரே வரிசைக் கக்கூஸ். அதனால் முழு லயத்துக்கும் ஒரே அறிவித்தல். சுகாதாரப் பரிசோதகர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று விதியைச் சொன்னார்: பதினான்கு நாள் யாரும் வெளியே போகக் கூடாது; இடையில் புதிதாக ஒருவருக்கு வந்தால், அன்றிலிருந்து எல்லாருக்கும் மறுபடி பதினான்கு நாள். ஏதாவது என்றால் அழைக்கச் சொல்லித் தன் இலக்கத்தை என்னிடம் தந்தார்.

ஒரு தடவை அப்படி மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகு லயத்தில் யாரும் இருமவில்லை.

பக்கத்துக் காம்பராவில் இருந்த அண்ணன் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். அவர் வீட்டு வானொலி ஒரு நாள் காலையிலிருந்தே உரத்துப் பாடத் தொடங்கியது. தொலைபேசியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகுதான் பாட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பதைக் கவனித்தேன். செய்தி நேரத்தில் இருமலை மறைக்கப் பாட்டு இருக்காது. அப்போது அவர் எப்படியோ அடக்கிக்கொள்வார். அறிகுறி உள்ளவர்கள் உடனே அறிவிக்க வேண்டும் என்று வானொலி சொல்லி முடித்து, அடுத்த பாட்டு தொடங்கியதும் சேர்த்து வைத்து இருமுவார்.

எனக்குக் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. பீலியடியில் மூன்றாம் காம்பராக்காரி அவருடைய மனைவியைச் சீண்டினாள்.

"என்னா அக்கா, ஒங்க வீட்டு ரேடியோவுக்குத் தொண்ட கட்டிருச்சு போல?"

"ஏன்டி, பாட்டு கேக்கக் கூட கயிறு கட்டியிருக்காங்களா?"

"கேளுங்க, கேளுங்க. எங்க வீட்டுக்காரரு சத்தத்த இன்னுங் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னாரு. இந்தத் தடவயாவது வெளிய போயி பெரட்டுல பேரு குடுத்து வேலைக்கு எறங்கணும்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும் வழியில் என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"கொத்தமல்லி அவிச்சுக் குடுக்குறேன் டீச்சர், சரியாயிரும். நீங்க போன எடுத்து அந்த ஐயாக்கிட்ட சொல்லிறாதீங்க. அப்புறம் இவங்க மொகத்துல முழிச்சு இந்தப் பீலிக்கு நான் எப்புடி வருவேன்?"

அன்றிலிருந்து நான் பாட்டைக் கேட்கவில்லை, அவருடைய மூச்சைத்தான் கேட்டேன். இருமல் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஒரு மழைப் பகலில் செய்தி முடிந்தது. பாட்டு தொடங்கியது. இருமல் வரவில்லை. அடுத்த பாட்டிலும் வரவில்லை.

"அக்கா!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை, அவர் தண்ணீருக்குப் போயிருந்தார். நாற்காலியைச் சுவரோரம் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். அண்ணன் கட்டில் விளிம்பில் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. உதடு நாவல் பழம் தின்றது போல இருந்தது. தோள்கள் மட்டும் ஏறி இறங்கின. என்னைக் கண்டதும் ஒரு கையை எடுத்து வேண்டாம் என்று அசைத்தார்.

நாற்காலியில் நின்றபடியே பரிசோதகரை அழைத்தேன். கீழ் ரோட்டு வரைதான் அம்புலன்ஸ் வரும், அதுவரை யாராவது தூக்கி வர வேண்டும் என்றார்.

யார் தூக்குவது? வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்றாம் காம்பராக்காரியின் கணவர் முகத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு, ஒரு கம்பிளியோடு இறங்கி வந்தார்.

"இன்னும் ரெண்டு மூணு நாளு பொறுத்திருக்கலாம் டீச்சர்."

"பொறுத்திருந்தா இவர வேற மாதிரி தூக்க வேண்டி வந்திருக்கும்."

அவர் அண்ணனின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். "வாங்கடா, காலப் புடிங்க. எப்புடியும் மறுபடி பதினாலு நாளு. கயித்துக்குள்ள நின்னு என்னத்தக் கிழிக்கப் போறோம்?"

கயிற்றைத் தூக்கிப் பிடித்தது நான். அதன் கீழே குனிந்து, வழுக்கும் படிகளில் கம்பிளியோடு இறங்கினார்கள்.

அடுத்த நாள் புது அறிவித்தல் ஒட்டப்பட்டது. மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து என் தொலைபேசிக்கே அழைப்பு வந்தது. சுவருக்கு மேலால் அக்காவிடம் நீட்டினேன். ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள் என்று அண்ணன் மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்வது எனக்கும் கேட்டது. "ரேடியோவ... நிப்பாட்டு. பெட்டரி... தீந்துரும்."

அக்கா வானொலியை நிறுத்தினார். இராச்சாப்பாட்டின் நடுவே அக்கா இருமினார், அடக்காமல், வாய்விட்டு. என் கை தட்டில் நின்றது. எல்லாக் காம்பராவிலும் பேச்சு நின்றது.

பிறகு மூன்றாம் காம்பராவிலிருந்து ஓர் இருமல் வந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. எது எந்த வீடு என்று எனக்குத் தெரிந்தது. கையைக் கழுவிவிட்டு, பரிசோதகரை அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன்.