பன்னிரண்டு நிமிடத்தில் தோட்டத்துக்குப் போய் வந்தவர்

2023 ஆகஸ்டு 12, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மலேசியாவின் ஈப்போவில் நல்ல வெயில். சுண்ணாம்பு மலைகளின் தலையில் மட்டும் மேகம் இருந்தது, மழை இல்லை. நான் குடை கொண்டுபோயிருந்தேன். ஜெலாப்பாங்கில் பஸ் ஏறும்போது வானம் வேறு மாதிரி இருந்தது.

பழைய புத்தகக் கடை மாடியில் இருக்கிறது. பத்தொன்பது படி. பதினான்காவது படியில் முழங்கால் பேசத் தொடங்கிவிடும். அன்று எதையும் தேடிப் போகவில்லை. கண் டாக்டர் வரச்சொன்ன நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, கடையில் மின்விசிறி உண்டு, அவ்வளவுதான். மூன்றாவது அலமாரியின் கீழ்த்தட்டில் அட்டை இல்லாத ஒரு துப்பறியும் நாவல் கிடந்தது. முதல் வரியைப் படித்ததும் அடுத்த வரி எனக்கு மனப்பாடமாக வந்தது.

ஐம்பத்திரண்டு வருடமாக அந்த நாவலின் கடைசிப் பதினாறு பக்கங்கள் எனக்குத் தெரியாது.

எண்ண ஆரம்பித்தேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, வாங்க வந்தீங்களா, ஆடிட் பண்ண வந்தீங்களா?"

"நூத்தி எழுபத்தாறு பக்கம் இருக்கணும்."

"இருக்குலா. அட்டைதான் இல்ல. பன்னெண்டு வெள்ளி கொடுங்க. எண்ணுற கூலிய கழிச்சுக்க மாட்டேன்."

இருந்தது. நூற்று எழுபத்தாறும் இருந்தது. கண் டாக்டரிடம் அன்று நான் போகவில்லை.

1971இல் எனக்கு இருபது வயது. பத்து காஜா என்ற ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி. அதாவது ஆபீஸ் குமாஸ்தாவுக்கு உதவிக் குமாஸ்தா. ஞாயிறுதோறும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எங்கள் இசைக்குழு ஒத்திகை பார்க்கும். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. வானொலியில் பாட்டுக் கேட்டு, வரிகளை நோட்டில் எழுதிக் கொடுப்பது என் வேலை. பாடுவது அதே தோட்டத்துப் பெண் ஒருத்தி. வாரத்தில் ஆறு நாள் பால் மரம் சீவுவாள். ஏழாம் நாள் அதே கையால் தாளம் போட்டுக்கொண்டு பாடுவாள்.

மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போகும் இடைவேளையில் அவள் இந்த நாவலை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். தமிழ்நாட்டில் அச்சான புத்தகம். முதல் தாளில் நூற்று எழுபத்தாறு பக்கம் என்று அச்சிட்டிருந்தது. எத்தனை கை மாறி வந்ததோ, நூற்று அறுபதாம் பக்கத்தோடு கிழிந்திருந்தது. பதினொரு ஞாயிறுகள் படித்தோம்.

கதை இதுதான். சென்னையில் ஒரு சபா. கச்சேரி நடுவில் மிருதங்கக்காரர் தனி வாசிக்கிறார். அந்த இடைவெளியில் பாடகர் மேடைக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போய், பிளாஸ்க்கிலிருந்து மிளகுப்பால் குடித்துச் செத்துப்போகிறார். துப்பறிபவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அந்தப் பன்னிரண்டு நிமிடமும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறார். வயலின்காரர் சொல்கிறார்: "காற்று வாங்கத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன்."

அவள் புத்தகத்தை மடக்கினாள்.

"பன்னெண்டு நிமிஷத்துல தோட்டத்துக்குப் போயிட்டு வந்தானாம். நம்ம தோட்டத்துக்கு டவுன்லேர்ந்து லோரியிலயே இருபத்தஞ்சு நிமிஷம். பொய் சொல்றான் கிராணி. இவன்தான் கொன்னவன்."

நான் கணக்குப் போட்டேன். போக இருபத்தைந்து, வர இருபத்தைந்து. மெட்ராஸில் லாரி எவ்வளவு வேகமாக ஓடினாலும் நடக்காது.

"பொய்தான்," என்றேன். "ஆனா கொன்னவன் இத விட நல்ல பொய்யா சொல்வான்லா. எனக்கு சபா செயலாளர் மேலதான் சந்தேகம். பிளாஸ்க்க கழுவி வச்சேன்னு யாரும் கேக்காமலே மூணு தடவ சொல்லிட்டாரு."

"நீ எண்ணிக்கிட்டே இரு. நான் சொல்றேன், வயலின்காரன்."

பந்தயம் கட்டினோம். அவள் சொன்னது சரியென்றால் ஒரு நாள் காலை முழுதும் நான் அவளுடைய பால் வாளியைத் தூக்க வேண்டும், மேஸ்திரி முதல் எல்லாரும் பார்க்க. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்பவனுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. நான் சொன்னது சரியென்றால் அவள் எனக்கு மட்டும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். எந்தப் பாட்டு என்பதும் அப்போதே தெரியும். குழு எப்போதும் இரண்டாம் சரணத்தை விட்டுவிடும் பாட்டு ஒன்று இருந்தது. நேரமில்லை என்பார் ஆர்மோனியக்காரர். நான் எழுதி வைத்த அந்த நான்கு வரிகளை அவள் குரலில் நான் கேட்டதே இல்லை. யாருக்கு முதலில் முடிவு கிடைக்கிறதோ அவர் மற்றவரிடம் வந்து சொல்ல வேண்டும்.

எட்டு மாதம் கழித்து ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் வியாபாரம் செய்யும் வீட்டுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த எட்டு மாதத்தில் நான் அவளிடம் பேச வேண்டியதைப் பேசப் போனது நான்கு முறை. நான்கு முறையும் புத்தகத்தைப் பற்றி விசாரித்துவிட்டுத் திரும்பினேன்.

பிறகு எனக்கும் கல்யாணம் நடந்தது. என் மனைவி நல்லவள். அவள் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. தோட்டத்தில் ரப்பர் போய் இப்போது எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது.

சனிக்கிழமை மத்தியானமே கடைசிப் பதினாறு பக்கங்களையும் படித்துவிட்டேன். கொலையாளி செயலாளர்தான். ஆனால் நூற்று அறுபத்தெட்டாம் பக்கத்தில் துப்பறிபவர் எல்லாரையும் அழைத்துக்கொண்டு பின்கதவைத் திறக்கிறார். கதவிலிருந்து பதினெட்டு அடியில் மல்லிகைப் பந்தல், இரண்டு வாழை, ஒரு கிணறு. "இதுதான் தோட்டம். வயலின்காரர் சொன்னது உண்மை," என்கிறார்.

வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டம் என்றால் எங்களுக்கு ஆயிரம் ஏக்கர், ஆபீஸ், தொழிலாளர் குடியிருக்கும் லயம், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களம். வீட்டின் பின்னால் நாலு செடி இருக்கும் இடத்துக்கும் அதே பேர் இருக்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நிமிடத்தை எண்ணினேன், மைலை எண்ணினேன், அந்தச் சொல்லை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

அவள் இருக்கிறாளா என்பதே எனக்குத் தெரியாது. பழைய தோட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நூற்று நாற்பத்து மூன்று பேர். அதில் கேட்பதற்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது. கேட்ட நான்காவது நிமிடம் விலாசம் வந்தது. கணவர் போய் ஆறு வருடமாம்.

வியாழக்கிழமை கிளம்பினேன். தெலுக் இந்தான் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வழியெல்லாம் ஒரே யோசனை: நீ என்பதா, நீங்கள் என்பதா? அவளே கதவைத் திறந்தாள். ஒல்லியாக, வெள்ளைத் தலையோடு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். நான் இரண்டையும் சொல்லாமல் புத்தகத்தை நீட்டினேன்.

"சின்னக் கிராணி," என்றாள். அப்புறம் சிரித்தாள். "செயலாளர்தானே?"

"படிச்சாச்சா?"

"எங்க படிச்சேன்? புஸ்தகத்த இன்னைக்குத்தான் மறுபடி பாக்குறேன். ஊருக்கு, தமிழ்நாட்டுக்கு, கோயில் பாக்கப் போனோம்லா, பத்தொம்பது வருஷம் இருக்கும். சொந்தக்காரங்க வீட்ல தங்குனா, காலையில அந்தம்மா சொல்லுது, தோட்டத்துல போயி குளிச்சிட்டு வாங்கன்னு. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. இங்கயும் தோட்டமா, எத்தன மைலுன்னு கேட்டேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. பின்னால போயிப் பாத்தா கெணறு, நாலு வாழ மரம்." கையால் அளவு காட்டினாள். "குளிக்காம நின்னேன் கிராணி. அடப்பாவி, வயலின்காரன் பொய்யே சொல்லலயேன்னு. அப்பறம் யாரு மிச்சம்? உங்க செயலாளர்தான்."

"தெரிஞ்சா வந்து சொல்லணும்னு பேச்சு."

"வந்து? எங்க வீட்டுக்காரர்கிட்ட என்னன்னு சொல்றது? ஒருத்தருக்குப் பாட்டுக் கடன் இருக்கு, போயிட்டு வாரேன்னா?"

பத்தொன்பது வருடமாக அவள் பந்தயத்தில் தோற்றதைத் தெரிந்துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நான் வாங்கிப்போன பிஸ்கட்டைத் தட்டில் போட்டுத் தேநீரும் வைத்தாள். நான் கேட்கவில்லை. அவளாகவே கேட்டாள்.

"எந்தப் பாட்டு, அந்த ரெண்டாம் சரணமா?"

"ஆமா."

"வரி மறந்துபோச்சே."

"எனக்கு மறக்கல."

தொண்டையைச் செருமிக்கொண்டாள். இடது உள்ளங்கையில் வலது கையால் மெல்லத் தட்டத் தொடங்கினாள். நான் ஒரு வரி சொன்னேன், அவள் அதைப் பாடினாள். குரல் பாதி காற்றாக இருந்தது. மேலே போக வேண்டிய இடத்தில் போகாமல் கீழேயே சுற்றி வந்தது. மூன்றாம் வரியில் நிறுத்தி, "இந்தச் சொல்லு தப்பு கிராணி, தாளத்துல உக்காரல, அப்பவே தப்பா எழுதியிருக்கீங்க," என்றாள். அவள் மாற்றிச் சொன்னதுதான் சரி. முதலிலிருந்து மறுபடி பாடினாள். நான்கு வரியும் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"போதும்லா. பக்கத்து வீட்டுல சிரிப்பாங்க."

வாழ்க்கையில் முதல் முறையாக எத்தனை நிமிடம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். வெளியே வந்தபோது கடைசி பஸ் போயிருந்தது. ஜெலாப்பாங் வரை வாடகைக் கார், நூற்று நாற்பது வெள்ளி, குறைக்க மாட்டேன் என்றுவிட்டார். புத்தகத்தை அவளிடமே விட்டு வந்தேன். புத்தகம், இரண்டு பஸ், பிஸ்கட், கார், எல்லாம் சேர்த்து நூற்று எண்பத்து நான்கு வெள்ளி இருபது காசு.